வண்டிலில் பிள்ளை, பையில் பச்சைக் கரண்ட்

கண்ணுக்குத் தெரியாத, மணமும் இல்லாத, தொட்டால் ஆளைத் தூக்கி எறிகிற ஒரு சாமானை நீங்கள் எப்போதாவது வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றிருக்கிறீர்களா? நான் விற்றிருக்கிறேன். கரண்ட் விற்கிற தொழிலில் உள்ள பெரிய வில்லங்கம், வாங்க வேண்டியவர் வீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான். சுவிட்சைத் தட்டினால் லைட் எரிகிறது. பிறகு எதற்கு என்னிடம் வாங்குவான்?

ஜெர்மனியில் வுப்பர்டால் என்கிற ஊரில் ஒரு சின்னக் கூட்டுறவு. இங்கத்தைய சனங்களே பங்கு போட்டுக் காற்றாலை கட்டி, பள்ளிக்கூடக் கூரைகளில் சூரியத் தகடு பூட்டி, அந்தக் கரண்டை வீடுகளுக்கு விற்பது. நிலக்கரிக்காரரோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. தமிழ் வீடுகளுக்குப் போய் விளக்கம் சொல்ல ஒரு தமிழ் ஆள் வேண்டுமென்று என்னை அரைநாள் வேலைக்கு எடுத்தார்கள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மின்சாரப் பாடம் என்றால் எங்களுக்கு ஒரு டோர்ச் பற்றரி, ஒரு பல்பு, அதைச் சுற்றி நாற்பது தலை. அந்தப் படிப்போடுதான் இறங்கினேன்.

அதற்கு முன் முதியோர் இல்லம் ஒன்றில் விடியப்புறம் தரை துடைத்தேன். மகள் கண் முழிக்கிற நேரம் ஒருநாளும் நான் வீட்டில் இல்லை. புது வேலையில் அவளை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டே போகலாம். ஆனால் முதல் ஆறு மாதம் பரீட்சைக் காலம். அதற்குள் தமிழ் வீடுகள் எங்கள் கரண்டுக்கு மாறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் திரும்பவும் வாளியும் துடைப்பமும்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த வண்டில் எங்கள் கட்டடத்து நிலவறையில் கரண்ட் மீற்றருக்குக் கீழே நிற்கிறது. உடுப்புத் தோய்க்க இறங்கும்போது அதைக் கண்டால், கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று சிரிப்பேன். ஆர் வீட்டு மணியாவது அடித்துப் பிழைத்தவர்களுக்கு ஏனென்று நான் சொல்லத் தேவையில்லை.

ரோல்ஸோடு ஒரு கையெழுத்து

முதல் வீடு ஒரு மேட்டின் உச்சியில். இந்த ஊரில் எல்லாம் மேட்டின் உச்சியில்தான். மழை வேறு. கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்க்கவில்லை, வண்டிலைத்தான் பார்த்தா. "ஐயோ, மழைக்குள்ள பச்சைப் பிள்ளையோட! உள்ள வாங்கோ, உள்ள வாங்கோ!" நான் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி முடிக்க முதல் மகளின் சப்பாத்தைக் கழற்றி ஹீற்றரில் காயப் போட்டுவிட்டா. தேத்தண்ணி வந்தது. ரோல்ஸ் வந்தது. அண்ணை வந்து எந்த ஊர், ஆருடைய மகள் என்று கேட்டு, மூன்றாவது கேள்வியிலேயே எங்களுக்குள் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஒப்பந்தப் பத்திரத்தை வெளியில் எடுத்தேன். காற்றாலைப் படத்தைக் காட்டலாமென்று பார்த்தால், அண்ணை பேனையோடு இருக்கிறார். "விளக்கம் சொல்லவேணும் அண்ணை" என்றேன். "அதெல்லாம் பிறகு. எங்க போடவேணும்?" என்றார். அந்தக் கிழமை போன வீடெல்லாம் இதே கதைதான். ஒருவரும் மறுக்கவில்லை. நான், தலைக்கு மேலே தொங்கி ஓடுகிற இந்த ஊர் ரயிலில் ராணி மாதிரி இருந்து வீடு திரும்பினேன். முதல் வீட்டு அண்ணை வாசல் வரை வந்து வழியனுப்பிச் சொன்னது காதில் கிடந்தது: "எங்கட பிள்ளை கேக்கேக்க இல்லையெண்டு சொல்லலாமே? ரெண்டு கையெழுத்து வேணுமெண்டாலும் போடுவன்."

வடிவாக எழுதிய விலகல்கள்

இங்கே வீட்டு வாசலில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை இரண்டு கிழமைக்குள் காரணம் சொல்லாமலே விட்டு விலகலாம். சட்டம். அந்த இரண்டு கிழமை முடியுமுன்னம் ராணியின் கிரீடம் கழன்றது. போட்ட அத்தனை பேரும் விலகிவிட்டார்கள். அதுவும் வடிவாக விலகினார்கள். ஒருவர் கடிதத்தின் அடியில் "குழந்தைக்கு எங்கள் அன்பு" என்று ஜெர்மனில் எழுதியிருந்தார். இன்னொரு அக்கா விலகிய கையோடு எனக்குக் கேக் கொடுத்துவிட்டா.

என் மேலாளர் ஹைக்க, மழையோ பனியோ சைக்கிளில் வருகிற நெட்டைப் பெண். நனைந்த தொப்பியோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "உன் ஆட்கள் இவ்வளவு சந்தோசமாகப் போட்டுவிட்டு ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறார்கள்?" என்று கேட்டா. முதல் வீட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவ மெல்லச் சொன்னா: முந்தி ரை கட்டின ஆட்கள் வந்து மீற்றர் இலக்கத்தை எழுதிக்கொண்டு போய், கேளாமலே வேறு கொம்பனிக்கு மாற்றிவிட்டு, பிறகு இரண்டு பில் வந்து பெரிய உபத்திரவமாம். அன்றிலிருந்து கரண்ட் என்றாலே பயமாம். "அப்ப ஏன் அக்கா போட்டனீங்கள்?" என்றேன். "வீட்டுக்கு வந்த ஆளின்ர முகத்துக்கு நேர எப்பிடிப் பிள்ளை மாட்டனெண்டு சொல்லுறது? அதான் நீங்கள் போனாப் பிறகு சொன்னனாங்கள்."

இதை அப்படியே ஹைக்கவுக்கு மொழிபெயர்த்தேன். அவ தொப்பியைப் பிழிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தா. பரீட்சைக் காலம் ஓடுகிறது என்பதை ஞாபகப்படுத்தினா. பிறகு சொன்னா: "இனிக் கையெழுத்துக் கேட்காதே. முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லுகிற ஒரு ஆளைக் கண்டுபிடி. அவரோடு கதைக்கலாம்."

கஞ்சிக் கிடாரம்

சனிக்கிழமைகளில் தமிழ்க் கடை வாசலில், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து யூனிவர்சிட்டிக்கு ஆராய்ச்சி செய்ய வந்த தம்பி ஒருவர் நின்று கேட்டார். "அக்கா, ஒரு டவுட். நீங்க மாத்தினாலும் அதே ஒயர்லதானே வருது? நிலக்கரி கரண்டும் காத்து கரண்டும் மிக்ஸ் ஆயிடுமே. என் வீட்டுக்கு உங்க கரண்ட்தான் வருதுன்னு எப்படி சொல்றீங்க?"

நல்ல கேள்வி. நானும் முதல் நாளே ஹைக்கவிடம் கேட்டது. கோயில் பெருநாளுக்குக் கஞ்சி காய்ச்சுவதை எடுத்துச் சொன்னேன். பெரிய கிடாரம், எல்லாரும் அரிசி கொண்டுவந்து போடுகிறார்கள். உங்கள் கோப்பையில் விழுகிறது நீங்கள் கொடுத்த அரிசி இல்லை. ஆனால் நீங்கள் எந்தக் கமக்காரனிடம் அரிசி வாங்கினீர்களோ அவன்தான் அடுத்த போகமும் விதைப்பான். எங்களிடம் வாங்கினால் இன்னொரு காற்றாலை எழும்பும். சில நிறுவனங்கள் பழைய அரிசியையே வாங்கி, சாக்கை மட்டும் பச்சையாக மாற்றி விற்கிறார்கள். ஆர் விதைக்கிறான், ஆர் சாக்கு மாற்றுகிறான் என்று பார்த்து வாங்குவதுதான் விசயம்.

தம்பி அசையாமல் கேட்டார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். முருங்கைக்காய் வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். தொண்டை வற்றிப்போய், "அப்ப மாறுவீங்களோ தம்பி?" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "சூப்பரா புரிஞ்சுது அக்கா. ஆனா நான் ஹாஸ்டல்ல இருக்கேன். கரண்ட் வாடகைலயே சேர்த்தி. எனக்குன்னு கான்ட்ராக்டே கிடையாது."

முதல் 'இல்லை'

எங்கள் ஆட்களின் கலியாணம், பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் செய்கிற சாமத்தியவீடு எல்லாம் நடக்கிற மண்டபம் ஒன்று இருக்கிறது. இங்கத்தைய தமிழ்ச் சங்கம் நடத்துவது. தலைவர் ஜெயம் அண்ணை, இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுக்கு வந்தவர். மண்டபம் மாறினால் சனமும் மாறும் என்று எனக்குத் தெரியும். அவர் கதிரைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்த நேரம் போய் நின்று விசயத்தைச் சொன்னேன். நிமிர்ந்தும் பார்க்காமல், "இல்லை பிள்ளை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வாயை மீறி வந்துவிட்டது. அவர் அடுக்கின கதிரையை விட்டுவிட்டுத் திரும்பினார். "என்ன சிரிக்கிறாய்? நான் இல்லையெண்டெல்லோ சொன்னனான்."

"ஓம் அண்ணை, அதுதான் சந்தோசம். நீங்கள்தான் முதல் ஆள். ஏன் இல்லையெண்டும் சொல்லுங்கோ."

ஒரு கதிரையை விரித்து இருந்தார். சண்டை நேரம் யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லாமல் வருசக் கணக்காய் இருந்ததைச் சொன்னார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒரு ஆள் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாட, வீடே சுற்றியிருந்து கேட்குமாம். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டு இழுபடுமாம். சொல்லச் சொல்ல அவர் கை காற்றில் பெடல் சுற்றியது. முகத்தில் ஒரு சிரிப்பும் வந்தது. நான் அதைப் பார்த்து ஆசைப்பட்டு, "அப்ப நீங்கள் அந்த நாளிலேயே பச்சைக் கரண்ட்தானே அண்ணை!" என்றேன். உடனே கை நின்றது. "அதாலதான் இல்லையெண்டுறன். சாமத்தியவீடு நடக்கேக்க உங்கட காத்து நிண்டுதெண்டால், நான் மேடையில ஏறி நிண்டு பெடல் சுத்துறதே?"

அந்தச் சனத்தின் மாதா

அடுத்துப் போன வீட்டு ஸ்ரெல்லா அக்கா மன்னார்ப் பக்கம், வேதக்காரர். சண்டைக்குள் எத்தனை இடம் மாறினா என்று அவவுக்கே கணக்கில்லை. என் மகளுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டு, நான் சொல்வதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்றா. அந்த 'ஓம்' எனக்கு இப்போது பழக்கம். இரண்டு கிழமை மட்டும் உயிரோடு இருக்கிற ஓம்.

படங்களைப் புரட்டிக்கொண்டு போனேன். நாங்கள் இருக்கிற இடத்திலிருந்து காரில் கொஞ்சத் தூரம் போனால் பழுப்பு நிலக்கரி தோண்டுகிற பெரிய பள்ளம் வரும். அந்தப் பள்ளத்துக்காக ஊர் ஊராகச் சனத்தை வீடு வாசலை விட்டு எழுப்பினார்கள், அவர்களுடைய மாதா கோயிலையும் இடித்தார்கள், எங்கள் லைட்டெல்லாம் கனகாலம் அந்தக் கரியில்தான் எரிந்தது என்று சொன்னேன். வாழைப்பழக் கை நடுவழியில் நின்றது. "கோயிலையுமோ?" என்றா. "ஓம் அக்கா." "அந்தச் சனம் தங்கட மாதாவை எங்க கொண்டு போனதுகள்?"

இப்படி ஒரு கேள்வி எங்கள் பயிற்சியில் வரவில்லை. ஹைக்கவிடம் கேட்டேன். அவவின் மாமி முறையான ஒருவர் அப்படிக் காலியாக்கிய ஊர் ஒன்றில் இருந்தவவாம். புது இடத்தில் புது ஊரும் புதுக் கோயிலும் கட்டிக் கொடுத்தார்களாம், பழைய கோயிலிலிருந்து சில சாமான்களைக் கொண்டுபோனார்களாம். அதை ஸ்ரெல்லா அக்காவுக்குப் போனில் சொன்னேன். அவ சொன்னா: "புதுக் கோயில் வடிவாத்தான் இருக்கும் பிள்ளை. நாங்களும் எத்தினை புது இடம் கண்டனாங்கள். நாளைக்கு அந்தப் பேப்பரைக் கொண்டு வாங்கோ."

பிரீசர் காலியான நாள்

ஸ்ரெல்லா அக்கா கையெழுத்துப் போட்டு இரண்டு கிழமை போனது. விலகல் கடிதம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஹைக்க என் மேசைப் பக்கம் வந்து புருவத்தைத் தூக்குவா, நான் கடிதம் இல்லையென்று தலையை ஆட்டுவேன். கடைசியில் மாறுகிற நாளும் வந்தது. அன்று காலை போன் அடித்தது. ஸ்ரெல்லா அக்கா. "பிள்ளை, இண்டைக்குத்தானே மாத்துறது? கரண்ட் எத்தினை மணிக்குப் போகும்?"

கரண்ட் போகாது, வயரும் மாறாது, ஒருவரும் வரமாட்டார்கள் என்று நான் சொன்னதை அவ மரியாதைக்குச் சொன்ன வார்த்தை என்று நினைத்துவிட்டா! ஓடிப்போய்ப் பார்த்தால், குளிக்கிற தொட்டி நிறையத் தண்ணீர். மேசையில் மெழுகுதிரிப் பெட்டி, நெருப்புப் பெட்டி. பிரீசர் கதவு திறந்தபடி, உள்ளே துடைத்து வெறுமையாக. அதற்குள் இருந்த ஆட்டிறைச்சி, விளை மீன், றால், கணவாய் எல்லாம் அடுப்பில். "உருகிப் பழுதாப் போக முதல் சமைச்சிட்டன். இவ்வளவையும் ஆர் தின்னுறது? அதான் நாலு பேருக்குச் சொன்னனான்" என்றா.

நாலு பேர் இல்லை. கட்டடமே வந்தது, கோயிலுக்கு வருகிறவர்களும் வந்தார்கள், ஜெயம் அண்ணையும் வந்தார். எல்லாரும் கணவாய்க் கறியோடு சோற்றைப் பிசைந்துகொண்டு லைட் எப்போது அணையும் என்று காத்திருந்தார்கள். அது அணையவே இல்லை. ஜெயம் அண்ணை பின்னேரம் வரை பல்பை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைத் தடவினார். "இது உண்மையா மாறினதோ, இல்லாட்டி நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்த நாடகமோ?" என்றார். ஸ்ரெல்லா அக்கா அவருடைய கோப்பையில் இன்னொரு அகப்பை இறைச்சியைப் போட்டா. "அது எப்பவோ மாறிட்டுது அண்ணை. நீங்களும் மண்டபத்தை மாத்துங்கோ, நாங்கள் வந்து உங்கட பிரீசரையும் துப்பரவாக்கித் தாறம்."

மண்டபம் இருண்டபோது

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடுகள் ஒவ்வொன்றாக மாறின. பல்பு அணையாததைக் கண்ட ஜெயம் அண்ணையும் தலையாட்ட, சங்கம் கூடி மண்டபமும் மாறியது. மாறின பிறகு நடந்த முதல் விசேசம் ஒரு சாமத்தியவீடு. வீட்டுக்காரர் என்னையும் அழைத்து, "உங்கட மேலாளரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்கள். ஹைக்க என் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தா. அவவுடைய உயரத்துக்கு அது கணுக்காலுக்கு மேலே நின்றது. பரீட்சைக் காலத்தின் கடைசிக் கிழமை அது. முன்வரிசையில் அவ, பக்கத்தில் நான், மடியில் மகள்.

பிள்ளையைப் பூப்பல்லக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பாட்டு உச்சத்தில். புகை மெசின் புகை கக்குகிறது. ஒரு டக்! மண்டபம் முழுக்க இருட்டு. பாட்டும் நின்றது. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "காத்து நிண்டிட்டுது போல!"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியதை இருட்டிலும் உணர்ந்தேன். ஆறு மாதமும், வாளியும் துடைப்பமும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. மகளை ஹைக்கவின் மடியில் வைத்துவிட்டு ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்தேன். தெரு லைட் எரிகிறது. எதிரே கெபாப் கடை போர்ட் சிவப்பும் பச்சையுமாய் மின்னுகிறது. "காத்து நிண்டால் அங்கையும் இருண்டிருக்கவேணும்! இது எங்கட குசினி வேலை!" என்று கத்தினேன். குசினிக்குள் போன் வெளிச்சம் பிடித்துப் பார்த்தால், ஒரே சுவர்ப் பிளக்கில் நீட்டு வயர், அந்த வயரில் இன்னொரு வயர், ரைஸ் குக்கர் வரிசையாய், ரோல்ஸ் பொரிக்கிற சட்டி, தண்ணீர் கொதிக்கிற கேத்தில், பரிமாறுகிற ஜன்னல் வழியாக வந்த புகை மெசின் வயரும் அதிலேயே.

ஜெயம் அண்ணை பியூஸ் போட நிலவறைக்கு இறங்கினார். அதற்குள் மண்டபத்தில் என்ன நடந்ததென்றால், ஒருவரும் கோபிக்கவில்லை. நூறு போன்கள் வெளிச்சம் பிடித்தன. ஆரோ ஒருவர், "ஜாம் போத்தல் விளக்கு இருக்கோ?" என்று கேட்க, இன்னொருவர், "மண்ணெண்ணெய்க்கு லைன்ல நிண்டு வாறன்" என்றார். சிரிப்பு மேசைக்கு மேசை தாவியது. சண்டை நேரம் ஒரே விளக்கில் ஐந்து பேர் படித்த கதை, இருட்டில் மீனென்று நினைத்து இஞ்சியைக் கடித்த கதை. பல்லக்குத் தூக்கியவர்கள் கூட இறக்கி வைத்துவிட்டுக் கதை கேட்டார்கள். பல்லக்குப் பிள்ளை தன் போனைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பேய் காட்டினாள். ஹைக்கவுக்கு நான் ஒவ்வொன்றாய் மொழிபெயர்த்தேன். அந்த இருட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு வெளிச்சமாகத்தான் தெரிகிறது. லைட் வந்தபோது, "அட, வந்திட்டுதே" என்று சிலர் சலித்தது உண்மை. ஜெயம் அண்ணை மூச்சு வாங்க மேடையேறி மைக்கைப் பிடித்தார். "காத்தில ஒரு குறையும் இல்லை. குசினியில நிக்கிற அக்காமார், புண்ணியமாப் போகும், ரெண்டு ரைஸ் குக்கரையாவது கழட்டி விடுங்கோ!"

இப்படியாக, கரண்ட் போகாது என்று ஆறு மாதம் ஊரெல்லாம் சத்தியம் பண்ணித் திரிந்த எனக்கு, கரண்ட் போன அன்றைக்குத்தான் வேலை நிரந்தரமானது. நித்திரையான என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கணுக்கால் தெரியும் சேலையோடு வாசலில் நின்ற ஹைக்க சொன்னா: "திங்கட்கிழமை வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, ஆனால் தயவுசெய்து, உன் ஆட்களைப் போல இரண்டு கிழமையில் விலகிவிடாதே."